பன்னிரண்டு பெண்கள் வேண்டுமென்று மன்றாடினேன்

என் மருமகன் செல்வராசுவின் வலக்கை இனி ஒரு குறடு பிடிக்கவும் உதவாது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். சென்ற ஆண்டு சூன் மாதம், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரம் அது. கழக்கூட்டம் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் ஏணி சரிந்து அவர் விழுந்தார். உயிர் தங்கியது. மணிக்கட்டு நொறுங்கியது. மின்கம்பியை வெட்டியும் முறுக்கியும் குடும்பத்தைக் காத்த கை அது. மருத்துவமனை நடைவழியில் என் மகள் அருள்மொழி என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் இருண்டது.

திருச்சபையாரே, உங்களுள் பலர் என்னைத் தமிழாசிரியனாக அறிவீர்கள். ஆரியசாலையில் ஒரு மாடியறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனிப்பயிற்சி வகுப்பு நடத்தினேன். அரசு ஊதியம் வாங்கியவன் அல்லேன். ஆகவே ஓய்வூதியமும் இல்லை. மனைவி ஆண்டவரிடம் சென்றபின் மகள் வீட்டிலேயே இருக்கிறேன். அவ்வீட்டில் பொருள் ஈட்டிய கை ஒன்றே. அதுவும் கட்டுக்குள் கிடந்தது. அந்நாளிலிருந்து ஆண்டவர் எங்களை எவ்வாறு நடத்தினார் என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். அவர் காட்டிய வழியை நானே ஒருமுறை அடைத்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

அருள்மொழி மின்பணி அறியாதவள் அல்லள். தெற்கிலிருந்து இந்த மலையாள நகருக்குப் பிழைக்க வந்த நம் தமிழ்க் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலைக்குப் போவது உண்டு. கணவன் ஏணியில் நிற்பான். மனைவி கீழே நின்று குழாய்க்குள் கம்பியைச் செலுத்துவாள். முனைகளுக்கு அடையாளமிட்டுப் பிரிப்பாள். எந்தக் கம்பி எந்த விளக்குக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துச் சொல்வாள். ஒன்பது ஆண்டுகள் அவள் அவ்வாறு நின்றிருக்கிறாள். ஆயினும் அவளைக் கையாள் என்றே எல்லாரும் அழைத்தார்கள்.

கைக்கட்டு அவிழ்ந்தபின் இருவரும் மீண்டும் வேலைக்குப் போனார்கள். செல்வராசு கவிழ்த்த வாளிமேல் அமர்ந்து சொல்வார். அவள் ஏறிச் செய்வாள். இரண்டு வாரம் இது நடந்தது. பிறகு ஒப்பந்தக்காரர் தடுத்துவிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. கல்நெஞ்சர் அல்லர்.

“ஏம்மா, நீ நல்ல வேலக்காரிதான், நான் இல்லேங்கல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னயத்தான தேடுவாவ. பெர்மிட்டு எடுத்துட்டு வா. அம்புட்டு மாடியவும் ஒன் கையில தாரேன்” என்றாராம்.

அண்ணாச்சி கேட்ட பெர்மிட்டு, அதாவது மின்பணி உரிமம், தேர்வெழுதிப் பெற வேண்டியது. அத்தேர்வை எழுதப் பயிற்சிச் சான்று வேண்டும். தனியார் பயிற்சி நிலையங்கள் கேட்ட கட்டணத்தை எங்களால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. அன்று மாலைச் செபத்தில் மகள் ஒரே வரியில் வேண்டினாள். “ஆண்டவரே, படிக்க எனக்கொரு எடம் தாரும்.” அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுவாரமே வழி தெரிந்தது. செல்வராசுவின் கை நோவுக்காக மருத்துவமனைக்குச் சென்றபோது அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒருவர் சொன்னார்: விபத்தில் சிக்கிய கட்டடத் தொழிலாளர் குடும்பத்தாருக்கு அரசின் செலவில் தொழிற்பயிற்சி உண்டு, மின்பணியும் அதில் அடங்கும். அருள்மொழி படிவத்தை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எழுத்து வேலை என்னுடையது.

நான் அதைத் தமிழில் நிரப்பினேன்.

இந்நகரில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். நம் மொழியில் விண்ணப்பிக்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்காக வாதாடிய கூட்டங்களில் இளமை முதல் பேசியிருக்கிறேன். மலையாளத்தைப் பேசுவேன், படிப்பேன். எழுதுவதில்லை என்று ஒரு நெறி வைத்திருந்தேன். விண்ணப்பத்தோடு மகளின் ஒன்பதாண்டுப் பட்டறிவை விளக்கி இரண்டு பக்கக் கடிதமும் இணைத்தேன். நல்ல நடையில் அமைந்திருந்தது. அதை நான் இருமுறை படித்து மகிழ்ந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அருள்மொழி அதைப் முழுவதும் படித்துப் பார்த்தாள். பிறகு, “அப்பா, ஒங்க உரிமை சரிதான். எனக்கு படிக்க சீட்டுல்லா வேணும்” என்றாள்.

உரிமையை நாமே கைவிட்டால் யார் தருவார் என்று நான் கேட்டேன். அவள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கேட்பதற்கு நானே அலுவலகம் சென்றேன். அங்கிருந்த பெண் அலுவலர் என்னை அமரச் செய்து, ஒரு தாள்கட்டிலிருந்து எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். மொழிபெயர்ப்புக்காக வேறொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டு, காலம் கடந்து திரும்பியிருந்தது.

“சாருக்கு தமிழில் எழுதாம். அது நியமம் தன்னே” என்றார் அவர். “பட்சே டிரான்ஸ்லேஷன் கழிஞ்சு வந்தப்போழேக்கும் லாஸ்ட் டேட் போயி.” நான் செய்தது முறைதான், நாள்தான் போய்விட்டது என்பது அதன் பொருள். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. முறைப்படி நடந்திருந்தார். நானும் முறைப்படி நடந்திருந்தேன். இடம் மட்டும் போய்விட்டது.

வீட்டில் சொன்னபோது மகள் என்னைக் கடியவில்லை. “சரிப்பா, சாப்பிட வாங்க” என்றாள். ஒரு சொல் கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த நாள் ஓர் உணவகத்தில் பாத்திரம் துலக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கம்பிகளின் நிறத்தை வைத்தே ஒரு மாடியின் மின்னமைப்பை ஒப்பிக்கக்கூடியவள் எச்சில் தட்டுகளின்முன் நின்றாள். செல்வராசு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அவ்வாரம் ஒரு நண்பகலில் நம் ஆலயத்திற்கு வந்தேன். யாரும் இல்லை. முழந்தாளிட்டேன். நாற்பது ஆண்டுகளாகப் பொதுச்செபங்களை அழகிய தமிழில் கட்டியமைத்துச் சொன்ன நாவுக்கு அன்று ஒரு வரி எழவில்லை. நெடுநேரம் கழித்து வந்தது இவ்வளவே: ஆண்டவரே, என் மகளின் இடத்தை நான் தொலைத்தேன். அதைத் தேட எனக்குக் கால் தாரும். கேட்க எனக்கு வாய் தாரும்.

அப்போதுதான் ஓர் உண்மை விளங்கியது. ஆண்டவரிடம் கேட்க நான் என்றும் கூசியதில்லை. மனிதரிடம் கேட்கத்தான் கூசினேன். உரிமை என்றால் நிமிர்ந்து நின்று கேட்பேன். உதவி என்றால் என் வாய் திறவாது. அன்று எழுந்தபோது ஒன்று முடிவு செய்தேன். இடம் கிடைக்கும் வரை கேட்பது. எத்தனை கதவாயினும் சரி.

மறுநாள் அதே அலுவலகத்துக்குச் சென்று, அதே அலுவலரிடம், கட்டணமில்லாத வேறு பயிற்சிகள் எங்கெங்கு உள்ளன என்று கேட்டேன். இதற்குமுன் அப்படி ஒருவரிடம் கேட்டதே இல்லை. அவர் மகிழ்ச்சியோடு ஒரு தாளின் பின்புறத்தில் நான்கு இடங்களை எழுதித் தந்தார். முதலிடத்தில் வயது வரம்பு முப்பத்தைந்து. என் மகளுக்கு முப்பத்தேழு. இரண்டாவது, வேறு மாவட்டத்தில் தங்கிப் படிப்பது. கை பயனிழந்த கணவரையும் என்னையும் விட்டு அவளால் போக முடியாது. மூன்றாவது இடத்தில் அடுத்த ஆண்டு வரச் சொன்னார்கள். பேருந்தில் ஏறுவதும் இறங்குவதுமாக மூன்று நாள் கழிந்தது. முழங்கால் வீங்கியது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நான்காம் நாளும் கிளம்பினேன்.

நான்காவது இடம் ஒரு பொறியியற் கல்லூரியின் சமூகப் பணிப் பிரிவு. பெண்களுக்கான மின்பணிப் பயிற்சி, ஐந்து மாதம், பிற்பகலில் மட்டும். ஐம்பது வயது வரை சேரலாம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். கட்டணம் முழுவதையும் அரசு நிதி ஏற்கும். பேருந்துச் செலவும் கருவிப் பையும் உண்டு. கேட்கக் கேட்க என் நெஞ்சு நிறைந்தது. பொறுப்பாளராகிய லதா டீச்சர்தான் பிறகு சொன்னார், அந்த வகுப்பைக் கைவிடப் போகிறார்கள் என்று. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் நிதி வரும். சேர்ந்திருந்தவர் ஐவர். மீதி நாள் பத்து.

“பதினொண்ணு ஆனாலும் ஞான் ஒண்ணும் செய்யான் பற்றில்ல சாரே” என்றார். ஒருவர் குறைந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். “பெண்ணுங்களுக்கு எலக்ட்ரிக்கல் வேண்டாமாம். தையல் உண்டோன்னு கேக்குறாங்க.”

என் மகளைச் சேர்த்தால் ஆறு. இன்னும் ஆறு பெண்கள். நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகே அச்சம் வந்தது.

அடுத்த ஞாயிறு ஆயர் எனக்கு மூன்று நிமிடம் தந்ததை நீங்கள் நினைவுகூர்வீர்கள். வழிபாடு முடிந்ததும், ஏணியில் ஏறப் பெண்களைக் கூப்பிடுகிறீர்களே என்று நகைத்தவரும் இங்கு இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். அன்று இரண்டு சகோதரிகள் முன்வந்தார்கள். கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் விடுதியில் துப்புரவுப் பணி செய்யும் தெல்லா ஒருவர். சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் நிற்கும் மேரி மற்றொருவர். எட்டு ஆயிற்று.

மீதிப் பேரைத் தேடும் வழியை அருள்மொழி சொன்னாள். “அப்பா, தெரியாத ஆளுவளக் கூப்பிட்டா பயப்படத்தான் செய்வா. என்னை மாதிரி ஏணிக்குக் கீழ நிக்குறவள்களத் தேடுங்க. அவளுவளுக்குப் பாதி வேலை தெரியும்லா.”

காலையில் கூலியாட்கள் கூடும் சந்திப்புக்கு இருவரும் போனோம். வெள்ளை வேட்டியும் கையில் படிவக் கட்டுமாக நான் அங்கு நின்றபோது தேர்தலுக்கு வந்தவன் என்று எண்ணிச் சிலர் விலகினர். பேச்சியம்மாள் என்ற பெண் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று முழுவதும் கேட்டாள். கணவனோடு சுவரில் குழாய்க்குப் பள்ளம் வெட்டும் வேலை அவளுக்கு.

“கரண்டு வேலைக்குக் கூப்புடுதீயளே தாத்தா, நீங்க ஒரு பல்பாவது மாட்டிருக்கீயளா?”

இல்லை என்றேன். அது உண்மை.

“அப்போ நீங்களும் வாங்க. தலைக்கணக்குக்கு ஆகும்லா” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு வாசலாயிற்று. அவள் தன் தங்கையையும் உடன் வேலை செய்யும் இன்னொரு பெண்ணையும் கைப்பிடித்து இழுத்து வந்தாள். முற்பகல் கூலியை விடாமலே படிக்கலாம் என்று கேட்டதும் மூவரும் இசைந்தனர். பதினொன்று.

அவர்கள் படிவங்களை நான் மலையாளத்தில் எழுதினேன். எழுத்துகள் தொடக்கப்பள்ளி மாணவன் எழுதியவைபோல் பெரிதும் சிறிதுமாக விழுந்தன. தாய்மொழிப் பற்றை நான் விடவில்லை; விடவும் மாட்டேன். ஆனால் அப்பற்றுக்கு விலையாக வேறொருவரின் வாழ்வைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. மாலைச் செபத்தில் பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, பன்னிரண்டாவது இடத்தில் பெயரில்லாமல் நிறுத்தினோம்.

அந்தப் பெயர் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினோம். ஒருத்தி இசைந்து பின்வாங்கினாள். அவள் மாமியார் நோயில் படுத்துவிட்டார். இன்னொருத்தியிடம் பத்தாம் வகுப்புச் சான்று இல்லை. கடைசி நாளும் வந்தது. நான்கு மணிக்குப் பட்டியலை முடிப்பதாக லதா டீச்சர் சொல்லியிருந்தார். அன்று காலை முதல் நான் உண்ணவில்லை. அதை நோன்பு என்று சொல்லமாட்டேன், இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, கடைவீதியில் கேட்டுச் சோர்ந்து, குறுக்குவழியாகக் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் நடந்தேன். அங்கு யாரையும் கேட்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவர்கள் இதற்கு வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒரு வீட்டு வாசலிலிருந்து, “சார்” என்று குரல் வந்தது. சரசுவதி மாமி. அவர் மகன் என் வகுப்பில் படித்தவன். இன்று வெளிநாட்டில் இருக்கிறான். கணவர் இல்லை. இட்லி மாவு அரைத்து விற்றுத் தன் காலிலேயே நிற்பவர்.

“உங்க மாப்ளை எலக்ட்ரீஷியன்தானே சார்? எங்காத்து கிரைண்டர்ல வயர் கருகிப்போயிடுத்து. ஒருத்தன் மூணு நாளா நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு சொல்லிண்டிருக்கான். மாவு கேட்டு வரவாளுக்கு நான் என்ன பதில் சொல்லறது?”

மருமகனின் கையைப் பற்றிச் சொன்னேன். வருந்தினார். பிறகு மகள், பயிற்சி, நிதி, பன்னிரண்டு பேர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக் கேட்பதற்காகச் சொல்லவில்லை, மனப்பாரம் சொல்லவைத்தது. மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“வயசு எதுவரைக்கும்?”

“ஐம்பது.”

“நேக்கு நாப்பத்தெட்டு. ப்ரீ டிகிரி பாஸ் பண்ணியிருக்கேன். ஆதார் எடுத்துண்டு வரட்டுமா?”

நான் தலையசைத்தேன். அவர் உள்ளே போய்ச் சான்றிதழ்களோடு வந்து வீட்டைப் பூட்டினார். மூவுருளித் தானியில் போகும்போது, “பன்னெண்டாவது ஆள அனுப்பச் சொல்லி உங்க ஆண்டவர்கிட்டக் கேட்டேளாக்கும்?” என்றார். ஆம் என்றேன். “நான் கிரைண்டருக்காகத்தான் வரேன், அதையும் அவர்கிட்டச் சொல்லிடுங்கோ. பின்னால கணக்குல குழப்பம் வரப்படாது.”

மூன்றே முக்கால் மணிக்கு லதா டீச்சரின் மேசைமுன் நின்றோம். மாமி தம் படிவத்தைத் தாமே எழுதினார். டீச்சர் பன்னிரண்டு தாள்களையும் எண்ணி, மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கி, முத்திரை வைத்தார். அந்த முத்திரையின் ஓசை கேட்டபோதுதான் என் கண்ணில் நீர் வந்தது. நடைவழிக்கு வந்து உணவகத்துக்குத் தொலைபேசினேன். “மக்ளே, எடம் கிடைச்சாச்சு” என்றேன். மறுமுனையில் தட்டுகளின் ஓசை நின்றது. பிறகு, “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அக்டோபரில் வகுப்பு தொடங்கியது. எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய். காலையில் பாத்திரம் துலக்கி, பிற்பகலில் படித்து, மாலையில் வீட்டு வேலை செய்து அவள் இளைத்துப் போனாள். பாடம் மலையாளத்தில் நடந்தது. கணக்குப் பகுதி பலருக்குக் கடினமாக இருந்தது. மேரி இரண்டாம் மாதம் கடையில் விடுப்புக் கிடைக்காமல் நின்றுவிட்டாள். அது எனக்கு இன்றும் வருத்தம். மற்றப் பதினொருவரும் முடித்துத் தேர்வெழுதினார்கள். ஒன்பது பேர் தேறினர். தெல்லாவும் பேச்சியம்மாளின் தங்கையும் மறுமுறை எழுதப் போகிறார்கள். அவர்களுக்காகச் செபியுங்கள்.

அருள்மொழி தேறினாள். அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை. சென்ற மாதம் முதல் ஓர் அடுக்குமாடியின் மூன்று தளங்கள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. பேச்சியம்மாளை அவளே உடன் வைத்துக்கொண்டாள். பொருள் வாங்கி வருவதும் வேலையைத் திட்டமிடுவதும் செல்வராசுவின் பணி. அவர் இப்போது என்னோடு பழையபடி பேசுகிறார். சரசுவதி மாமி தம் அரைவைப் பொறியைத் தாமே திறந்து பழுது பார்த்தார். இன்று அத்தெருவில் மின்விசிறி நின்றால் முதலில் அவரைத்தான் அழைக்கிறார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்வராசுவின் கை குணமாக நாம் எல்லாரும் செபித்தோம். அது குணமாகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல் பேசவும் மாட்டேன். நாங்கள் கேட்டவற்றுள் ஆண்டவர் ஒன்றைத் தந்தார், ஒன்றைத் தரவில்லை. தந்ததையும் என் பட்டியலில் இல்லாத ஒருவர் வழியாகத் தந்தார். நான் நம் மக்களுள் ஆள் தேடினேன். அவர் நான் கேட்கவே எண்ணாத வீட்டுக் கதவைத் திறந்தார். அந்நாள் முதல், இன்னாரிடம் கேட்கலாம், இன்னாரிடம் கேட்கலாகாது என்று நான் வகுத்து வைத்திருந்த கோடுகளை அழித்துவிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் வழிபாட்டுக்குப் பின் ஆலயத்தின் பக்க அறையில் அமர்கிறேன். பயிற்சிக்கோ உதவிக்கோ படிவம் நிரப்ப வேண்டியவர்கள் வருகிறார்கள். எந்த மொழியில் கொடுத்தால் அவர்களுக்கு விரைவில் இடம் கிடைக்குமோ அந்த மொழியில் எழுதிக் கொடுக்கிறேன். என் மலையாள எழுத்து சற்றுத் திருந்தியிருக்கிறது.

அன்பானவர்களே, பொருளில்லாமையால் படிப்பு நின்ற பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். வேலை தெரிந்தும் சான்றில்லாமல் ஒதுக்கப்பட்ட பெண் இருக்கலாம். முதலில் ஆண்டவரிடம் கேளுங்கள். பிறகு அவரை நம்பி எழுந்து போய், வெட்கத்தை விட்டு மனிதரிடமும் கேளுங்கள். ஒரு கதவு மூடினால் அடுத்ததற்குப் போங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். முழங்காலில் வலி உண்டு. ஆனாலும் உடன் வருகிறேன்.